முஷ்டியைப் பார்த்து அழுவது எப்படி?

நடிப்புக்கென்று சாஸ்திரம் இருக்கிறது என்பதையும், அந்தச் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் பெரும்பாலும் மேடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் ஒருங்கே அறிந்த நான், பேரன் எடுத்த வயதில் ஒரு நடிப்புப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்ததற்குக் கலைத் தாகமே காரணம் என்று சொன்னால் அது சத்தியத்துக்கு விரோதமாகும். தொலைக்காட்சித் தொடர்களில் அப்பா வேஷத்துக்கு ஆள் பஞ்சம் என்று என் மருமான் சொன்னான். "வசனம் அதிகம் இருக்காது மாமா. மருமகள்கள் சண்டை போடும்போது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் போதும். வீட்டிலே இதைத்தானே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றான்.

வகுப்பு சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்தது. ஆசிரியரோ, சென்னைத் தூர்தர்ஷனில் 13 வாரங்களுக்குள் கதை மங்களம் பாடிவிடும் சாத்விகமான காலத்தில் உதவி இயக்குநராகப் பிரவேசித்து, 1990-களின் இறுதியில் நெடுந்தொடர்கள் தலையெடுத்து, கதை முடிவதே அபசகுனம் என்றாகிவிட்ட யுகத்திலும் நிலைத்து நின்று, இயக்கம் பாதி, சொத்துக்காகச் சதி செய்யும் பெரியப்பா வேஷம் பாதி என்று காலங்கழித்து வருபவர். சக மாணாக்கர்களில், கைப்பேசியில் நடனமாடிப் பிரசித்தி பெற்ற யுவதி ஒருத்தியும், மென்பொருள் நிறுவனத்தில் பகலிலும் கனவில் சினிமாவிலும் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் சிலரும் இருந்தார்கள்.

நான் வெறுங்கையோடு போகவில்லை. "நடிப்பு என்றால் என்ன?" என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே கேட்டுவிட, இதற்காகவே காத்திருந்தவன்போல் எழுந்து, தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக வகுத்த எட்டு மெய்ப்பாடுகளையும் ஒப்பித்து, பரத முனிவரின் ரஸங்களைத் தொட்டுக் காட்டி, 1891-இல் சுகுண விலாச சபையை ஸ்தாபித்த பம்மல் சம்பந்த முதலியார் நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று ஒரு நூலே எழுதியிருப்பதையும் நினைவூட்டி, 1918-இல் மதுரையில் பாலர் சபை கண்ட சங்கரதாஸ் சுவாமிகளிடம் வந்து மூச்சு வாங்கினேன். ஆசிரியர் தலையைச் சற்றுச் சாய்த்து, குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நீங்க சொன்னதெல்லாம் சரி சார். ஆனா லைட்ல இல்லையே!"

அவருடைய சித்தாந்தத்தின் முதல் சூத்திரம் அதுதான். எவ்வளவு உன்னதமான சோகமாயினும் விளக்கு படாத முகத்தில் அது சோகமாகாது. ஆகவே முதலில் 'லைட் வாங்க' வேண்டும். பழைய விளக்குகள் கன்னத்தைச் சுட்டே இடத்தைக் காட்டிவிடுமாம், இப்போதைய எல்.இ.டி. விளக்குகளில் கண் கூசுவதைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இரண்டாவது சூத்திரம், பக்கத்தில் நிற்பவரின் முகத்தை மறைத்து 'மாஸ்க்' அடிக்காதிருத்தல். இதை எந்த முனிவரும் எழுதிவைக்கவில்லை. குடும்பத்தாரில் பதினைந்து பேரும் ஒரே கூடத்தில் கூடி நின்று அதிர்ச்சியடைய வேண்டிய அவசியம் அவர்கள் காலத்தில் நேரவில்லை போலும்.

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசித் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடியும், வெகு தூரத்துக்குத் தெரியும்படி புருவத்தை எழுதியும் பழகிய மேடைக் கலை, மூன்று முழ தூரத்தில் காமிராவும், சட்டைக்குள்ளே ஒலிவாங்கியும் வந்துவிட்ட இடத்தில் திகைத்து நிற்பது இயல்பே. என் மெய்ப்பாடுகளைக் காமிரா வழியே போட்டுக் காட்டினார்கள். பெருமிதம் என்று நான் கருதியது பல்வலியாகவும், மருட்கை என்று கருதியது பல்வலி தீர்ந்ததாகவும் திரையில் தோன்றின.

ஆயினும் இவற்றையெல்லாம் விஞ்சியது முஷ்டிப் பாடம். தினசரித் தொடரில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிஷக் கதையை நாள்தோறும் ஒப்படைத்தாக வேண்டும். மாமியார் நடிகைக்கோ மதியத்துக்குமேல் வேறொரு தொடரில் வேறொரு குடும்பத்தைக் கெடுக்கும் வேலை காத்திருக்கும். எனவே அந்த அம்மாளின் முகம் தெரியும் ஷாட்களையெல்லாம் முதலில் சேர்த்து எடுத்து அனுப்பிவிட்டு, அவர் பேச்சைக் கேட்டு உடைந்துபோகும் மருமகளைப் பிற்பகலில் தனியே எடுக்கிறார்கள். அப்போது மாமியாரின் ஸ்தானத்தில் இருப்பது காமிராவுக்கு அருகே உதவி இயக்குநர் உயர்த்திப் பிடிக்கும் கை முஷ்டி. "இதான் மாமியார், லுக் இங்கே" என்பார். வசனம் காலையில்தான் கைக்கு வருகிறதாகையால் மனப்பாடத்துக்கு நேரமில்லை; இன்னொருவர் அதை உரக்கப் படித்துக் கொடுக்க, நடிகை ஒரு சொல் பின்தங்கிச் சொல்லிக்கொண்டே கண்ணீர் விட வேண்டும். குரலை அப்புறம் டப்பிங்கில் ஒட்டிக்கொள்வார்கள். மயிரடர்ந்த ஒரு முஷ்டியைப் பார்த்து, "உங்களை என் தாயாக நினைத்தேனே அத்தை!" என்று சொல்லி நான் அழ முயன்றபோது, முஷ்டிக்கு உரியவர் மறு கையால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளிசரினுக்குக்கூட ஒரு ஆத்மாபிமானம் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். அதுவும் வர மறுத்தது.

ஆசிரியர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அதே முஷ்டியைப் பார்த்து நின்றார். இடக்கை, இல்லாத முந்தானையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, ஒரு தடவை சுற்றியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. வேறொன்றும் செய்யவில்லை. நரைத்த மீசையோடு நின்ற அந்தப் பெரியவரிடத்தில், புகுந்த வீட்டில் போக்கிடமற்றுப்போன இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வடைக்காரர்கூட மெல்லுவதை நிறுத்தினார். சங்கரதாஸ் சுவாமிகள் இருந்திருந்தால் இவரைச் சபையில் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று எண்ணி, நான் மெய்சிலிர்த்துக் கைகூப்பப் போகையில், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உபதேசத்தின் மிகுதியை அருளினார்: "இதுக்கு மேல பண்ணாதீங்க. எடிட்டர் இதே மூஞ்சியை மூணு தடவை காட்டுவார், இடி சத்தம் போடுவார். மிச்சத்தை இடி பாத்துக்கும்."

பயிற்சி முடிவில் சிலரைப் படப்பிடிப்பு வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். அங்கே அப்பா வேஷக்காரர் வழக்கம்போல் வேறொரு வீட்டுக்கு அப்பாவாகப் போய்விட்டிருந்தார்; மகள் அழும் ஷாட்டில் முன்புறம் அவர் தோள் தெரிய வேண்டும். அகலத்தையும் வழுக்கையையும் உத்தேசித்து என்னைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஈரம் காயாத சட்டையை எனக்கு அணிவித்து, காமிராவுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார்கள். நான் எட்டு மெய்ப்பாடுகளையும் முகத்தில் வரிசையாகக் கொண்டுவந்தேன். அந்தப் பெண்ணாவது கண்டு ரஸிப்பாள் என்று பார்த்தால், அவள் என் காதுக்கு அப்பால் உயர்ந்திருந்த முஷ்டியை நோக்கித் தாரை தாரையாகக் கண்ணீர் உகுத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் தயாரிப்பு நிர்வாகி பேட்டாவை எண்ணிக் கொடுத்து, சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வவுச்சரை நீட்டினார். வேஷம் என்ற இடத்தில் 'அப்பா - முதுகு' என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. கையொப்பமிட்டேன்.