கொதிக்கும் பெட்டியும் குல்லா போட்ட அப்பாவும்

அடுப்பையும் என் கம்பியூட்டரையும் தவிர்த்தால் எங்கள் வீட்டில் சூடான பொருள் எதுவும் கிடையாது. தெல்தோட்டையில் பனிமூட்டம் பத்து மணி வரை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரட்டுமா என்று கேட்கும். காலையில் குளிக்கப் போகிறவன் முகத்தைப் பார்த்தால் தூக்குமேடைக்குப் போகிறவன் பரவாயில்லை என்று தோன்றும். அப்பா வருடத்தில் பதினோரு மாதம் கம்பளிக் குல்லாவைக் கழற்றுவதில்லை. மிச்ச ஒரு மாதம் அது கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு சாமானைக் குளிர வைக்கணும், காசு வேணும்" என்று நான் சொன்னேன். அப்பா குல்லாவைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டு, சரியாகத்தான் கேட்டதா என்று பார்த்தார்.

"இந்த ஊர்ல குளிருக்குக் காசு குடுக்கப்போற மொத ஆளு நீதான்டா. ஜன்னலத் தொற."

திறந்து பார்த்தேன். சூடு இரண்டு டிகிரி குறைந்தது. எனக்கு ஒரு வாரம் தடிமன்.

என் தொழில் கல்யாண வீடியோ. கலஹா, ஹேவாஹெட்டைப் பக்கம் யார் வீட்டில் கல்யாணமானாலும், சடங்கானாலும், கோயிலில் தேர் இழுத்தாலும் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். எடுப்பது ஒருநாள் வேலை. அதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, மணப்பெண்ணைச் சுற்றி மேகம் தவழவிட்டு, எல்லாவற்றையும் ஒரே படமாக்கிக் கொடுக்கும்போதுதான் கம்பியூட்டர் முக்கும். அதற்குப் பெயர் ரெண்டர்.

போன வருடம் செகண்ட்ஹேண்டில் ஒரு ரைசன் 9 3900எக்ஸ் புரசசர் கிடைத்தது. பன்னிரண்டு கோர், ஒரே நிரையில் பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டுக் கொழுந்து எடுப்பதைப் போல. அதற்கு 105 வாட் என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூடு அத்தனையும் நகத்தளவுச் சிலிக்கன் துண்டுகளிலிருந்து வருகிறது. நான் என்ன செய்தேன்? பழைய கம்பியூட்டரில் கிடந்த சின்னக் கூலரையே கழற்றி இதற்கும் மாட்டினேன். பந்தலில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்க, உள்ளே மூன்று கொத்து அரிசி வெந்துகொண்டிருந்த கதை.

95 டிகிரி அந்தப் புரசசருக்கு எல்லை. தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். ஃபேன் மட்டும், கலஹா ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறி மாதிரிக் கத்தும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்து முடிச்சுப் போடும் காட்சி முடிவதற்குள் எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு முடிந்து பாத்திரமும் கழுவியாகிவிடும். பெண்ணின் தகப்பனார் ஒருநாள் மூன்றாவது தடவையாகப் போன் எடுத்தார். "தம்பி, மகளுக்கு வளைகாப்பு வருது. கல்யாண வீடியோ வருமா?"

அன்றைக்கே கண்டிக்கு பஸ் ஏறினேன்.

கடையில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புரசசர் பெயரைச் சொன்னதும், நோயாளியின் முகத்தைப் பார்த்தே மருந்து எழுதும் டாக்டர் மாதிரி, "லிக்விட் போடுங்க அண்ணே" என்றான். "காத்துக் கூலரெல்லாம் இப்ப யாரு போடுறா?"

கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சாமான் இருந்தது. புரசசர் மேல் உட்கார ஒரு வட்டமான பம்ப். அதிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய்கள். முடிவில் 360 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியேட்டர், அதில் வரிசையாக மூன்று ஃபேன். எல்லாம் ஊதா, பச்சை, சிவப்பு என்று மாறி மாறி எரிந்தன. எங்கள் கோயில் திருவிழாவில் சாமிக்கே இத்தனை விளக்கு இல்லை.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்கு வாங்கும் சூடு, ஒரு லீற்றர் காற்று வாங்குவதைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல். அதனால் தண்ணீர் புரசசரின் சூட்டைச் சட்டென்று அள்ளிக்கொண்டு ஓடுகிறது. ரேடியேட்டருக்குப் போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. எனக்குப் பாதி மனம் அங்கேயே ஒப்புக்கொடுத்தாகிவிட்டது. விலையைக் கேட்டதும் மீதிப் பாதி திரும்பி வந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து வாவிக்கரையில் நின்றேன். கண்டிக்கு வாட்டர் கூலிங் போட்டவர் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன். 1807இல் வயலாகக் கிடந்த இடத்தை வாவியாக்கினார். (சூட்டுக்காக அல்ல. கண்டியைப் பற்றி எழுதும்போது வாவியைச் சொல்லாமல் விட்டால் கண்டிக்காரர்கள் கோபிப்பார்கள்.) அன்றைக்குக் காற்றே இல்லாத பகல். அவ்வளவு தண்ணீர் கண்ணெதிரே கிடந்தும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சேதி இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்கிற மச்சானுக்குப் போன் எடுத்தேன். மச்சான் காற்றுக் கட்சி. "பம்ப் நின்னா முடிஞ்சுது. அடைச்சு வச்ச தண்ணிதான், ஆனா வருசக் கணக்குல குழாய்ச் சுவர் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும். ஊத்தி நிரப்பவும் வழி இல்ல. பம்ப உயரத்துல வச்சு மாட்டுனா காத்துக் குமிழி அங்க போய்ச் சேந்து ராத்திரியெல்லாம் கொப்புளிக்கும். காத்துக் கூலர்ல என்ன இருக்கு கெட? ஃபேன் போச்சுன்னா இன்னொரு ஃபேன்!" பத்து நிமிடம் பேசினான். அரசியல் பேசும்போதுகூட இவ்வளவு சூடாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு வழக்கை அப்பாவிடம் வைத்தேன். அப்பா முப்பத்தோரு வருடம் தோட்டத்து இஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்தவர், அதிலும் பெரும்பகுதி மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ரெண்டு தேத்தண்ணி. கொதிக்கக் கொதிக்க. ஒரு சட்டியில பச்சத்தண்ணியும்."

ஒன்றைக் கையில் எடுத்து இரண்டு டம்ளருக்குள் தூக்கி ஆற்றினார். மற்றதைச் சட்டித் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டிக்குள் இருந்தது நன்றாகவே ஆறியிருந்தது.

"பாத்தீங்களா? தண்ணிதான் ஜெயிச்சிருக்கு" என்றேன்.

"சரி. இப்ப சட்டித் தண்ணியத் தொடு."

வெதுவெதுப்பாக இருந்தது.

"அடுத்த டம்ளர அதுலயே வையி. அதுக்கடுத்தது. நாலாவது டம்ளருக்குச் சட்டியே தேத்தண்ணியா இருக்கும். அந்தச் சட்டித் தண்ணிய யாருடா ஆத்துவா?"

"ரேடியேட்டர், அப்பா. ஃபேன் காத்து."

"அப்ப அதுவும் காத்துதான். தண்ணி தலைச்சுமைக்காரன். சுமந்துக்கிட்டுப் போயி எறக்குவான். வாங்கிக்கிறவன் காத்து."

அதற்காக நான் விட்டுவிடவில்லை. காற்றுக் கூலர் என்று மச்சான் கொண்டாடுவதற்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அதில் அடியிலிருந்து மேலே போகும் செப்புக் குழாய்களை வெட்டிப் பார்த்தால் உள்ளே பொடிச் செம்பால் ஆன உறையும் சில சொட்டு நீரும்தான். உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்துவிட்டு அடைத்திருப்பதால் அந்த நீர் நூறு டிகிரி வரை காத்திருக்காது. கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகி மேலே ஓடும். அலுமினியத் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு நீராகி, பொடிச்செம்பு வழியாக ஊறிக் கீழே வரும். பம்ப் இல்லை, கரண்ட் இல்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலாமோஸில் ஜோர்ஜ் குரோவர் என்பவர் செய்து காட்டியது.

இதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணிக் கூலர்ல காத்து, காத்துக் கூலர்ல தண்ணி. பின்ன ரெண்டு பேரும் என்னாத்துக்குடா சண்ட போடுறீங்க?"

போகிற போக்கில், 1985இல் வந்த கிரே-2 என்ற பெருங்கணினியின் சுற்றுகளை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் அப்படியே மூழ்கடித்து வைத்திருந்தார்கள் என்றும் சொன்னேன்.

"ஊறுகா மாதிரியா?" என்றார்.

மறுத்துச் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா என் அறைக்கு வந்தார். கம்பியூட்டரை வாங்கிய நாளிலிருந்து அவர் அதைப் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. வாட்டும் தொட்டியைப் பார்க்கிற கண்ணோடுதான் வந்தார். இஸ்டோரில் வாட்டும் தொட்டி எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீளமான தொட்டி, நடுவில் வலைக்கம்பி, அதன்மேல் கொழுந்து, ஒரு முனையில் ஆளுயர ஃபேன். காற்று அடியில் புகுந்து கொழுந்து வழியாக மேலே வரும். பச்சைக் கொழுந்தில் முக்கால்வாசி தண்ணீர்தான். அதில் ஒரு பங்கை எடுக்கப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் ஆகும். கொழுந்தை அமுக்கிப் பரப்பினால் காற்று சுலபமான வழியைத் தேடிக்கொண்டு போய்விடும், கட்டியாகக் கிடப்பது அவிந்து சிவக்கும். மழை நாளில் கீழ்மாடி அடுப்புப் பக்கத்துச் சூட்டுக் காற்றைக் கலந்து விடுவார்கள். இதற்கு மீட்டர் எல்லாம் உண்டு. ஆனாலும் அப்பா ஒரு பிடி கொழுந்தை உருட்டிப் பார்த்துத்தான் சொல்வார். டீமேக்கரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பாராம். இது அப்பா சொன்னது. டீமேக்கர் என்ன சொல்வார் என்று தெரியாது.

எங்களுக்குப் பக்கத்து மலையான லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது இஸ்டோரே கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் கொழுந்தை உருட்டி, கரியடுப்பில் காயவைத்திருக்கிறார். ஆக, வீட்டில் கொதிக்கிற தொழில் செய்து வீட்டாரைத் தொந்தரவு பண்ணுவது இந்தப் பக்கத்தில் நான் ஆரம்பித்ததல்ல.

அப்பா பெட்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் முழுக் கண்ணாடி. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஜன்னல் திரை அகப்பட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள வர்ற வழி எது?"

கண்ணாடியின் ஓரத்தில் விரல் போகாத இடுக்கைக் காட்டினேன்.

"போற வழி?"

திரையைக் காட்டினேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. இஸ்டோரில் யாராவது ஃபேனுக்கு முன்னால் சாக்கை அடுக்கினால் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படிப் பார்த்தார். பெட்டியை ஒன்றரை அடி முன்னால் இழுத்து, திரையை எடுத்துக் கட்டி, முன் கண்ணாடியைக் கழற்றினோம். உள்ளே ஊதுபத்திச் சாம்பலும், கொசுவர்த்திப் புகையும், பூனை மயிரும் சேர்ந்து ஒரு கம்பளியே நெய்திருந்தன. அதை எடுத்ததும் பத்து ரூபாய் செலவில்லாமல் ஏழு டிகிரி இறங்கியது. ஆனாலும் அந்தச் சின்னக் கூலர் பன்னிரண்டு கோருக்குப் போதவில்லை.

லிக்விட்காரர்களுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இருநூறு வாட்டுக்கு மேல் கொதிக்கிற புரசசர் வைத்திருப்பவர்கள் அதை வாங்கட்டும், வாங்கவும் வேண்டும். என்னுடைய 105 வாட்டுக்கு நல்ல பெரிய காற்றுக் கூலருக்கும் அதற்கும் சில டிகிரிதான் வித்தியாசம். அந்தச் சில டிகிரிக்கும் ஊதா விளக்குக்கும் மூன்று மடங்கு காசு கொடுக்க எங்கள் வீட்டில் சட்டம் நிறைவேறாது.

ஆகவே இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர். ஆறு செப்புக் குழாய், இரண்டு ஃபேன், ஒரு கிலோவுக்கு மேல் எடை. கண்டியிலிருந்து தெல்தோட்டை வரை பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். பேராதனையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஐயா பெட்டியின் மேலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கலஹாவில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "தம்பி, இது எந்த வாகனத்துச் சாமான்?"

மாட்டும்போது வீட்டில் இன்னொரு பிளவு வந்தது. புரசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பேஸ்டைப் பட்டாணி அளவு வைப்பதா, முழுக்கத் தடவுவதா? இரண்டு உலோகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவில் காற்று அகப்படும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அந்த இடுக்கை அடைக்கத்தான் பேஸ்ட். ஊரெல்லாம் காற்றைக் கூப்பிட்டுவிட்டு இந்த ஓர் இடத்தில் மட்டும் அதை விரட்ட வேண்டியிருக்கிறது. மனைவி எட்டிப் பார்த்து, "ரொட்டிக்குச் சம்பல் வைக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா? நடுவுல வச்சு அமுக்குங்க, தானாப் பரவும்" என்றாள். அப்படியே செய்தேன். பரவியது.

அன்று ராத்திரி அந்த வளைகாப்புக்காரர் வீட்டுக் கல்யாணத்தை ஓடவிட்டேன். 71 டிகிரி. சத்தமே இல்லை. மாப்பிள்ளை ஒரே மூச்சில் தாலி கட்டினார்.

ஒரு குறை. கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். என் பெட்டிக்குள் இடம் 160. அளக்காமல் வாங்கியது நான்தான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. பக்கக் கதவு இனி மூடாது. மச்சானிடம் சொன்னேன், காற்றோட்டத்துக்கு நல்லதுதான் என்று கட்சி மாறாமல் பேசினான். பூனைதான் அந்தத் திறப்பை முதலில் கண்டுபிடித்தது. அதை விரட்ட அப்பா தன் பழைய நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பின்பக்க ஃபேனிலிருந்து வரும் காற்றுக்குக் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு காலையும். குளிரவைப்பது என்றால் சூடு எங்கோ ஒழிந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தேன். 105 வாட்டும் முழுசாக வெளியே வந்து அப்பாவின் முழங்காலில் உட்கார்ந்திருந்தது.

ஐப்பசி மழை ஆரம்பித்து நான்கு நாள். நேற்று நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது அப்பா ஈரக் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

"ஏன்டா, இன்னைக்குக் கல்யாணம் ஒண்ணும் இல்லையா?"