டார்ச் பிடித்த கதை

எங்கள் சித்தப்பா தாம்பரம் பக்கம் தண்ணீர் கேன் சப்ளை செய்பவர். 20 லிட்டர் கேன்களை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அவருடைய மாருதி ஓம்னி, ஒரு சித்திரை மாத மதியம் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் நின்றுபோனது. கீழே ஏதோ ஒரு ஹோஸ் வெடித்து, சொட்டுச் சொட்டாகக் காலியாகியிருக்கிறது. வண்டிக்குள் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. எஞ்சினுக்குத்தான் ஒரு வாய் கிடைக்கவில்லை. தெருவே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்கு வாங்கிய கடன் இன்னும் முடிந்திருக்கவில்லை.

மெக்கானிக் பாய் வந்து ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"ஹெட் மட்டும் போயிருந்தா பேசலாம்ணே. இது மொத்தமா பிடிச்சிருக்கு. ரீபோர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, கிராங்க் பாத்து... அந்தக் காசுக்கு நல்ல பழைய எஞ்சினாப் பாத்துப் போட்டுடலாம்."

ஓம்னியைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1984ல் மாருதி வேனாக வந்து, பிறகு ஓம்னியாகி, 2019 வரை தயாரிப்பில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆம்புலன்ஸ், கல்யாணச் சமையல் பாத்திரங்கள் என எல்லாவற்றையும் சுமந்தது. சினிமாவில் கதாநாயகியைக் கடத்த வேறு வண்டியை நம் இயக்குநர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. வண்டியின் மொத்த நீளம் 3.37 மீட்டர்தான். அதற்குள் இவ்வளவும் எப்படி அடங்கியது? முன்னால் மூக்கே கிடையாது. எஞ்சினை முன் சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். கெட்டிக்கார யோசனை, மறுக்கவில்லை. பயணிக்குக் கொடுத்த இடம் முழுவதும் மெக்கானிக்கின் முழங்கையிடமிருந்து பிடுங்கியது என்பது எஞ்சினைக் கழற்றும்போதுதான் தெரியும்.

எஞ்சின் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனோம். ஒரு கடைக்காரர் மாருதி 800 எஞ்சினைத் தட்டிக்காட்டி, "ரெண்டும் ஒண்ணுதான் சார், 796 சிசி, மூணு சிலிண்டர்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் 800ல் எஞ்சின் குறுக்கே நின்று முன் சக்கரத்தைச் சுற்றும். ஓம்னியில் நெடுக்கே நின்று, நீள ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்தைச் சுற்றும். பாய் ஒன்றும் பேசாமல் அடுத்த கடைக்கு நடந்தார். அங்கே ஓம்னி எஞ்சினே கிடைத்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து, கையால் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியது. பாய் தலையாட்டினார். பரிசோதனை அவ்வளவுதான்.

கழற்றுவது வேறு விவகாரம். அலமாரிக்குள் நின்றுகொண்டு வேட்டி மாற்றிக் கட்டியவர்களுக்கு அந்த வேலை ஓரளவு புரியும். இரண்டு முன் சீட்டுகளையும் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டார்கள். சித்தப்பா அதிலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மூடியைத் தூக்கியதும் ஒயர், ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். ஒவ்வொன்றையும் கழற்றிய கையோடு, எது எங்கிருந்து வந்தது என்று துண்டு டேப் ஒட்டினான் வேலைக்காரப் பையன். என் பங்கு டார்ச் பிடிப்பது.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், மேலே ஒரு போல்ட் இருக்கிறது. அதை யாரும் பார்த்ததில்லை, தடவித்தான் பழக்கம். பாய் கன்னத்தை ஹேண்ட் பிரேக்கோடு ஒட்டிவைத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். ரிங் ஸ்பேனர் ஒரு பல் அளவுக்குத் திரும்பும், பிறகு இடிக்கும். எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபடி ஒரு பல்.

"தம்பி, டார்ச்சக் கொஞ்சம் இங்க காட்டு."

"கண்ண மூடிட்டிருக்கீங்களே பாய்?"

"எனக்கில்ல. ஸ்பேனருக்கு."

எஞ்சினை மேலே தூக்க வழியில்லை, கீழேதான் இறக்க வேண்டும். ஷாஃப்ட்டையும் சைலன்சரையும் கழற்றி, அடியில் ஜாக்கி கொடுத்து, மவுண்டிங் போல்ட்டுகளை உருவி, மெல்ல ஒரு பழைய டயர்மேல் இறக்கினார்கள். அப்புறம் எஞ்சினை விட்டுவிட்டு வண்டியை உயர்த்தி, பக்கவாட்டில் இழுத்தார்கள். வெளியே வந்து கிடந்ததைப் பார்த்து, "இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் சித்தப்பா. பாய் பதில் சொல்லாமல் டீ வாங்கிவர அனுப்பினார்.

மாற்று எஞ்சினை ஏற்றும்போது கிளட்ச் பிளேட்தான் வம்பு செய்தது. அது நட்டநடுவில் உட்கார்ந்தால்தான் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே நுழையும். நூலளவு விலகினாலும் நுழையாது. மல்லாக்கப் படுத்தபடி பாய், "ஏத்து... போதும்... கொஞ்சம் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஜாக்கியில் பையன், டார்ச்சோடு நான், சீட்டில் சித்தப்பா. கடைசியில் 'டக்'கென்று உட்கார்ந்தது. மற்ற பாகங்கள் சொன்னபடி கேட்டன. வண்டி கிளம்பியது. பாய் முதல் வேலையாக எல்லா ஹோஸையும் புதிதாக மாற்றச் சொன்னார்.

இனி ஒரு காகித வேலை உண்டு. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க, பாய் மறுபடி தோள்வரை உள்ளே போனார். நான் மறுபடி டார்ச்.

பழைய ஓம்னி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பார்க்கப் போகும்போது டார்ச் பிடிக்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம்.