ஸ்ரீலஸ்ரீ பந்தய பைக் சுவாமிகள்

புதுக்கோட்டைச் சீமை செய்த தவமே தவம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் ஏறிய சமண முனிவர்கள், அங்கே பாறையில் வெட்டிய 17 கற்படுக்கைகளில் மேனியைக் கிடத்தி உடலின் ஆணவத்தை ஒடுக்கினார்கள். அவர்களுக்குப் பின் அந்தக் கடுந்தவத்தைத் தொடர நாதியில்லாமல் போயிற்று. எங்கள் சனங்கள் கயிற்றுக் கட்டில், இலவம்பஞ்சுத் தலையணை என்று சுகம் கண்டு கெட்டுப்போனார்கள். அந்தக் களங்கத்தைத் துடைக்கவே இரு சக்கரமும் ஒரு சைலன்சருமாகத் திருமேனி தாங்கி ஊர்தோறும் எழுந்தருளியிருக்கிறார்கள் ஸ்ரீலஸ்ரீ பந்தய பைக் சுவாமிகள். முனிவர்களின் கற்படுக்கையில் தலைமாட்டை மட்டும் சற்று மேடாகச் செதுக்கித் தலையணைபோல விட்டிருக்கும். இளகிய மனசுக்காரர்கள். சுவாமிகளின் ஆசனத்தில் அப்படிப்பட்ட சலுகைகளுக்கு இடமில்லை.

வடகாட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்குச் சுவாமிகள் எழுந்தருளியது போன தை மாதம். 36 மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஹேண்டில்பாரில் எங்கள் தோட்டத்துச் சம்பங்கி மாலையைச் சாத்தி அழைத்துவந்தான் அண்ணன் மகன். எந்தக் கம்பெனி என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். நதிமூலம் ரிஷிமூலம் கேட்கலாகாது. குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், கொண்டுபோன பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துத் துறவியானது இதே மாவட்டத்து ஆவுடையார்கோவிலில்தான் என்பார்கள். எங்கள் பிள்ளை ஒருபடி மேல். குதிரையையும் வாங்கினான், துறவியும் ஆகிவிட்டான். அந்தக் கதையில் வந்த பரிகள் இரவோடிரவாக நரிகளாகி ஓடிப்போயின. சுவாமிகளிடம் அந்தச் சபலமெல்லாம் கிடையாது. கடைசித் தவணை கட்டும்வரை பரியாகவே நிற்பார்.

திருக்கோலத்தை என்னவென்று வியப்பேன்! தலை தாழ்ந்து, பின்புறம் விண்ணோக்கி எழும்பி, கொட்டத் தயாரான தேளுக்கு மட்டுமே வாய்த்த கம்பீரம். பெட்ரோல் டேங்க், வாடிவாசலில் சீறிவரும் காளையின் திமில். ஓட்டுகிறவன் அதைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்துதான் கிடக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேரைப் பார்த்து, "என்னண்ணே, கடலை போட்டாச்சா?" என்று கேட்கிற பழைய அகம்பாவம் இதில் செல்லாது. பந்தயத்தில் காற்றைக் கிழிப்பதற்காகப் பெரியோர் வகுத்த ஆசனம் இது. பந்தயத் தடம் இருப்பது சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில். அதனால் என்ன? ஆலங்குடிச் சந்தைக்குக் கத்திரிக்காய் வாங்கப் போகிறவன் காற்றைக் கிழிக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரமாவது சொல்கிறதா? பத்துக் கிலோமீட்டர் போனால் மணிக்கட்டு மரத்துப்போகிறது. புலன்கள் ஒவ்வொன்றாக அடங்கும் முறை அதுதான்.

பின்னிருக்கையின் பெருமையை எடுத்துரைக்க ஆதிசேடனுக்கு ஆயிரம் நாவும் போதா. எனக்கோ இருப்பது ஒன்று. அகலம், விரித்த கை ஒன்றரை. உயரம், ஓட்டுகிறவன் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தால் எதிரே வரும் லாரி முழுவதுமாகத் தெரியும். எமதருமராசனை முன்கூட்டியே தரிசித்துக்கொள்ளலாம். சரிவோ முன்னோக்கியது. பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் வழுக்கி வந்து ஓட்டுகிறவன் முதுகில் அடைக்கலமாவார். கடினமோ, சித்தன்னவாசல் பாறைக்கு இளைய சகோதரம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் முதுகுத்தண்டின் 33 எலும்புகளையும் தனித்தனியே பேர்சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும்.

முதல் வாரமே எங்கள் ஆத்தாவுக்குச் சுவாமிகளின் அருள் வாய்க்க இருந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேரன் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தான். ஆத்தா சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார்.

"ஏண்டா, இது ஆளு ஒக்கார்ற எடமா, கோழி அடையிற பரணா?"

"ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஏறு அப்பத்தா."

"ஏறலாம்டா. எறங்குறதுக்கு நாலு பேரு வருவாகளா?"

பக்குவமில்லாத ஆத்மா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல் நடை எவ்வளவு நல்லதென்று டாக்டர்கள் சொல்வதைச் சுவாமிகள் ஒரு வார்த்தை பேசாமல் நடத்திக் காட்டினார்கள். பேரனும் தனியே போய்வந்தான். பற்றுகளிலேயே அறுக்கக் கடினமானது பந்தபாசம். அதை ஒரே வாரத்தில் அறுத்துக் கொடுத்த குரு வேறு யார் இருக்கிறார்?

அடுத்த பற்று, பொருட்பற்று. இந்த விஷயத்தில் எங்கள் மண் மகா பாவம் செய்த மண். விடிவதற்குள் கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு மல்லிகைப் பையோடு ஓடுகிறவர்கள், பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், வாழைத்தார், கடலை மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு உள்ளூர்ப் பக்கம் வருகிறவர்கள் என்று எந்நேரமும் சுமையோடுதான் சனம் அலைகிறது. சுவாமிகளிடம் கேரியர் இல்லை. கட்டைப்பை மாட்ட ஒரு கொக்கி இல்லை. கயிறு போட ஒரு கம்பி இல்லை. ஆசனத்தின் கீழே கருவூலம் ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ் காகிதத்தை நாலாக மடித்தால் உள்ளே போகும், எட்டாக மடித்தால் மூடியும் மூடும்.

கேரியர் தனியாகவாவது கிடைக்குமா என்று ஷோரூமில் நான் கேட்டது உண்மை. அஞ்ஞானத்தில் கேட்டுவிட்டேன். அங்கிருந்த தம்பி, விரத நாளில் கருவாடு கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "அண்ணே, லுக்கு போயிரும்" என்றார். எண்ணிப் பார்த்தேன், ஏழு எழுத்து. ஐந்தெழுத்துக்கும் ஆறெழுத்துக்கும் மேலே ஒன்று உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. சாரி கார்டு எங்கே? லுக்கு போயிரும். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கம்பி? லுக்கு போயிரும். இந்த மந்திரத்துக்கு விடைகொடுக்காத கேள்வி இல்லை.

அரசாங்கம்தான் பாவம், மந்திரோபதேசம் பெறாதது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும், கால்வைக்க இடம் வேண்டும், உடை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆம் விதியில் எழுதிவைத்திருக்கிறது. கைப்பிடிக்கு ஆசனத்தின் குறுக்கே ஒரு வாரைக் கட்டி விதியின் மனம் குளிரச் செய்துவிட்டார்கள். சக்கரத்தை மூடிய தகட்டை எங்கள் பிள்ளை வந்த அன்றைக்கே ஸ்பானர் போட்டுக் கழற்றித் தொழுவத்தில் போட்டுவிட்டான். கோழிக்குத் தீனி வைக்கத் தோதாக இருக்கிறது. 2020இல் இன்னொரு விதியும் வந்தது. இருசக்கர வாகனத்தில் வைக்கும் பெட்டி 550 மில்லிமீட்டர் நீளமும் 510 அகலமும் 500 உயரமும் தாண்டக்கூடாதாம். நடுத்தரப் பலாப்பழம் ஒன்று சம்மணம் போட்டு உட்காரும் அளவு. சுவாமிகள் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை, மீறப்போவதுமில்லை. பெட்டி வைக்க இடமிருந்தால்தானே மீறுவதற்கு.

கலையார்வத்திலும் சுவாமிகள் குறைந்தவரல்லர். சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளத்து ஓவியம் தீட்டினார்கள். நூற்றாண்டுகளில் பெரும்பகுதி மங்கிவிட்டது. அந்த மரபு அழியாதிருக்க, ஐப்பசி மழையில் சுவாமிகள் தம் பின்சக்கரத்தையே தூரிகையாக்கி எங்கள் செம்மண்ணைக் குழைத்து, இடுப்பிலிருந்து பிடரிவரை வெள்ளைச் சட்டையில் தீட்டியருளுகிறார்கள். மட்கார்டு கட்டைவிரல் நீளத்துக்குமேல் வளராமல் தடுத்து வைத்திருப்பது இந்தக் கைங்கரியத்துக்காகத்தான். அண்ணி அரை சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பழைய ஓவியர்களுக்கு இந்தச் சாயம் கிடைத்திருந்தால் குளம் இன்றைக்கும் முழுசாக இருந்திருக்கும்.

நிற்பதிலும் ஒரு தத்துவம். சென்டர் ஸ்டாண்ட் என்ற இரண்டு கால் ஆடம்பரம் இல்லை, ஒற்றைக்கால் தவம். தோட்டத்து மண்ணில் நிறுத்தினால் சைடு ஸ்டாண்ட் மெல்லப் புதைந்து, சுவாமிகள் பூமாதேவியை வணங்கச் சாய்ந்துவிடுவார். தூக்க மூன்று பேர் வேண்டும். அதனால் கொட்டாங்குச்சி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான் பிள்ளை. துறவிக்குத் திருவோடு.

இத்தனை மகிமைகளுக்கு நடுவே, எங்கள் வீட்டுத் திருஷ்டிப் பரிகாரம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அண்ணனின் டிவிஎஸ் எக்ஸெல். 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பிய டிவிஎஸ் 50 என்ற அற்பப் பிறவியின் வாரிசு. 100 சிசி தேறாத இன்ஜின், 90 கிலோ தேறாத உடம்பு. மானம் என்பது துளியும் இல்லை. காலுக்கு நடுவே தட்டையாக இடத்தை விட்டு, "எதை வேண்டுமானாலும் வை" என்று நிற்கும். பின் இருக்கையைக் கழற்றினால் அங்கும் மூட்டை வைக்கலாம். பலாவும் ஏற்றும், சிமென்ட்டும் ஏற்றும், தென்னம்பிள்ளையும் ஏற்றும். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், விழுந்த மரங்களுக்கு ஊடே நுழைந்து நுழைந்து தெருவுக்கே குடிதண்ணீர் ஏற்றிவந்தது. ஆத்தா ஒருக்களித்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே போகலாம். அதற்கு லுக்கு என்று ஒன்று இருந்ததே இல்லை, ஆகவே போவதற்கும் ஒன்றுமில்லை. இப்படிப்பட்டதோடு ஒரே கொட்டகையில் தங்கச் சுவாமிகள் இசைந்தது அவருடைய பெருந்தன்மை.

இன்று விடிகாலை நாலு மணிக்கு அண்ணன் மகன் மல்லிகைப் பையை எக்ஸெல்லின் முன்னால் வைத்து, சம்பங்கிச் சாக்கைப் பின்னால் கட்டிக் கீரமங்கலத்துக்குப் போனான். சுவாமிகள் அண்ணியின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு கொட்டாங்குச்சிமேல் நின்றுகொண்டிருக்கிறார். தவணை இன்னும் 27 பாக்கி.