உட்காரச் சொல்லும் சட்டம்

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் உட்கார்ந்தாலே முதலாளி முறைக்கிறார். உட்காரச் சட்டமே இருக்கிறதாமே, உண்மையா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உண்மைதான் அம்மா! தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதில் ஸ்டூல் நுழைய 2021 வரை ஆனது. அந்த ஆண்டு சேர்த்த 22-ஏ பிரிவின்படி, எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை போட வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நீங்கள் உட்காரலாம். நாற்காலியைப் போட்டுவிட்டு, "அது கஸ்டமருக்கு" என்றால் செல்லாது.

கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் கால் கடுக்க நின்ற பெண்கள், பி. விஜியின் 'பெண்கூட்டு' அமைப்பில் சேர்ந்து போராடி வாங்கியது அது.

நாற்பது புடவையை விரித்துக் காட்டிய பிறகும், "பார்டர் இன்னும் சின்னதா இருக்கா?" என்று கேட்பவருக்குச் சிரித்த முகத்தோடு அடுத்ததை எடுத்துப் போடுகிறீர்களே, அந்தக் கால்களுக்கு ஸ்டூல் சலுகை அல்ல, உரிமை. அதன் விலை உங்கள் கடைப் பட்டுப்புடவை ஒன்றின் விலைகூட வராது என்பதை முதலாளிகள் யோசிக்கட்டும்.

அப்படியும் முறைத்தால், தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், கூட நிற்கும் நாலு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.