கேமரன் மலைக்கு ஒரு கொட்டேஷன்

மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை அதிகாரபூர்வமாகப் பதிவான இடம் கேமரன் மலை. 1978 பிப்ரவரி முதல் தேதி, 7.8 டிகிரி. அந்த மலையில் இப்போது வீட்டுக்கு ஏர்கோன் விற்கிறார்கள். விற்கிற பையனைத் திட்டிப் பயனில்லை, அவனுக்கும் மாதக் கோட்டா இருக்கிறது. அவனுக்கு இங்கே வியாபாரம் பிடித்துக் கொடுத்த பெரிய மனிதர்களைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு.

முதலில் விடுதிகள். தாப்பா வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி ஏறி, விடுமுறை நெரிசலில் பிரிஞ்சாங்கில் மணிக்கணக்காக நின்று, ஒருவழியாக வந்து சேரும் பட்டணத்துப் பெருமக்கள் கேட்கும் முதல் கேள்வி: “ரூம்ல ஏர்கோன் இருக்கா?” குளிரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். ஆனால் ரிமோட்டில் வராத குளிர் அவர்கள் கணக்கில் குளிரே இல்லை. விருந்தாளி கேட்டால் விடுதிக்காரர் என்ன செய்வார்? மாட்டிவிட்டார். வெள்ளைக்காரன் பாணியில் கட்டிய சில விடுதிகளில் சாயங்காலமானால் இன்றும் கணப்பில் விறகு எரிகிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஏர்கோன் உறுமுகிறது. ஒரே மலை, ஒரே சாயங்காலம்.

விடுதிக்கு வந்தது தொழிலாளர் லயத்துக்கு வராமல் இருக்குமா? பையன் ஃபைலும் கையுமாகத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்குகிறான்.

“ஆன்ட்டி, ஒரு ஹார்ஸ்பவர் போதும். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. மாட்டுற கூலி தனி. மாசா மாசம் கட்டலாம்.”

“நாங்க ராத்திரிக்கு ரெண்டு கம்பளி போத்துறோம் தம்பி.”

“மத்தியானம் சுடுதுல்ல? அதுவும் இல்லாம இதுல டிரை மோட் இருக்கு ஆன்ட்டி. வீட்டு ஈரத்தையெல்லாம் இழுத்துரும்.”

மத்தியானம் சுடுகிறது என்பது பொய்யில்லை. தகரக் கூரைக்குக் கீழே மலை என்ன, கடற்கரை என்ன? ஈரமும் பொய்யில்லை. குளிர்ப் பிரதேசம் என்றதும் உதடு வெடிக்கிற வறண்ட குளிரை நினைப்பவர்கள் இங்கே வந்து ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். இது ஊறுகிற குளிர். துவைத்த துணி அடுப்புக்கு மேலே கயிற்றில் மூன்று நாள் தொங்கியும் காயாமல் புகை நாற்றத்தோடு இறங்கும். பலகைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். சாமி படத்துக்குப் பின்னால்கூட விடாது.

சரி, மாட்டியே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் வெளியே பதினாறு, பதினேழு டிகிரி. ரிமோட்டில் இருபது என்று வைத்தால் கம்ப்ரசருக்கு வேலையே இல்லை, அது தூங்கும். ஈரத்தை இழுக்க வேண்டுமானாலும் கம்ப்ரசர் ஓடித்தான் ஆக வேண்டும். இந்தக் குளிரில் வம்படியாக ஓட்டினால் உள்ளே சுருளில் பனிக்கட்டி பிடிக்கலாம். ஆக, ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது சுவரில் மாட்டிய ஒரு காற்றாடி. பகலில் ஓட்டலாமே என்றால், பகலில் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலகை இடுக்கு வழியாகவும் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகவும் போகிற குளிர்ச்சிக்குத் தனிக் கட்டணம் கிடையாது, மீட்டரே அதையும் சேர்த்துக்கொள்ளும். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியைத் தொட்டது. அதில் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் போனால், மிச்சத்தில் கூரைக்கு ஒரு தகரம் மாற்ற முடியுமா என்று பையன் சொல்ல மாட்டான். அவன் விற்பது தகரம் இல்லை.

தோட்டத்துக்குக் காற்றின் அருமை தெரியாது என்று மட்டும் யாரும் பழி போட்டுவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். பறித்து வந்த கொழுந்தை ஆலையில் நீளத் தொட்டிகளில் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து ராட்சதக் காற்றாடியால் ஊதுகிறார்கள். பத்துப் பதினைந்து மணி நேரம். ஈரம் எவ்வளவு போயிருக்கிறது, சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆள் நின்று பார்க்கிறார். தேவைப்பட்டால் வெதுவெதுப்பான காற்று. இலை வாடுவதற்கே இத்தனை உபசாரம்! அந்த இலையை வெட்டிய கை வீட்டில் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறது.

பூவுக்கு இன்னும் ராஜ மரியாதை. இரவில் மேட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசை வரிசையாக ஒளிரும். ஏதோ திருவிழா என்று நினைத்துச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள். உள்ளே சாமந்தி. ராத்திரி நீளம் என்று தெரிந்தால் சாமந்தி சீக்கிரம் மொட்டு வைத்துவிடும், காம்பு குட்டையாகிவிடும், விலை போகாது. அதனால் விளக்கைப் போட்டு, இன்னும் பொழுது சாயவில்லை என்று செடியை நம்ப வைக்கிறார்கள். மனிதர்களை நம்ப வைத்துப் பழகியவர்களுக்குச் செடி எம்மாத்திரம்?

இப்போது உண்மையான கொட்டேஷனுக்கு வருவோம். பையனிடம் உள்ளது மெஷின் விலை மட்டும். கேமரன் மலையில் ஒருவருக்கு ஏர்கோன் தேவைப்பட வைப்பதற்கு ஆன செலவு அதில் இல்லை. முதலில் காட்டை வெட்ட வேண்டும். உரிமம் வாங்கி வெட்டியவர்கள் உண்டு, உரிமத்தில் சொன்ன எல்லையைத் தாண்டி வெட்டியவர்கள் உண்டு, கேட்காமலேயே வெட்டியவர்களும் உண்டு. நிலம் மாநில அரசினுடையது. மலையையே மொட்டையடித்தது அலுவலக ஜன்னலிலிருந்து தெரியவில்லை என்றால், அந்த ஜன்னலுக்குத்தான் முதலில் ஏதாவது செய்ய வேண்டும். வெட்டிய சரிவில் பிளாஸ்டிக் கூரை, அதற்குக் கீழே சிமெண்டு, அதற்கும் கீழே அடுக்குமாடி. நிழல் போன மலையில் மத்தியானம் சுடாமல் என்ன செய்யும்?

வெட்டிய மண் எங்கே போயிற்று? ரிங்லெட் ஏரிக்கு. 1963இலிருந்து சுல்தான் அபு பக்கார் அணை தேக்கி வைக்கும் ஏரி அது. அந்தத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி மின்சாரம் எடுக்கிறது. மேலே காட்டை அழிக்க அழிக்கக் கீழே ஏரி சேற்றால் நிரம்பியது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் உட்கார்ந்தால், பெருமழைக்கு அணையைத் திறந்துதான் ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் திறந்தார்கள். கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் வெள்ளம். உயிர்கள் போயின. 2014 நவம்பரில் மறுபடி சேற்று வெள்ளம், மறுபடி சாவு. அமைச்சர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டு வந்து பார்த்தார்கள், பாவம், காலில் சேறு.

ஆக, கணக்கு இதுதான். மரத்தை வெட்டியதால் சூடு. சூட்டுக்கு ஏர்கோன். ஏர்கோனுக்கு மின்சாரம். மின்சாரத்துக்கு ஏரி. ஏரி நிறைய, வெட்டிய மரத்தின் மண். இந்தச் சக்கரத்தைச் சுற்றியவர்கள் வேறு, பில் கட்டுகிறவர்கள் வேறு. மழை வந்தால் முதலில் நனைகிறவர்கள் இன்னும் வேறு: பள்ளத்துக் கொட்டகைகளில் தங்கும் வங்காளதேசத்தவர், நேப்பாளி, இந்தோனேசியர். நம் தாத்தாக்களின் இடத்தில் இன்று அவர்கள்.

இந்த மலையில் குளிர் என்றுமே எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்தபோதே ஓராங் அஸ்லி மக்கள் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குளிர் அவர்களுடையது, பெயர் அவருடையது. சமவெளியில் வெந்துபோன துரைமார் இளைப்பாற மலைவாசத் தலம் என்றார்கள். 1929இல் ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியபின் சரிவுகளைச் செதுக்கிச் செடி நட்டது தமிழ்க் கை. துரைக்குக் கணப்போடு பங்களா, கூலிக்குத் தகரத்தோடு லயம். அன்றைய துரை கப்பலேறிவிட்டார். பங்களாவும் லயமும் எங்கும் போகவில்லை, வாடகை மட்டும் ஏறியிருக்கிறது.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990இலேயே சட்டம் வந்தது, 446ஆம் சட்டம். 2019இல் திருத்தினார்கள். நல்ல சட்டம். படிக்கும்போது குளுகுளு என்று இருக்கும், அந்த வகையில் அதுவும் ஏர்கோன்தான்.

தலைவர்களைக் கேட்டால், நம் ஆள் நாடாளுமன்றத்தில் இருந்தால் போதும் என்பார்கள். இருந்தார்களே! பல தவணை மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) ஆட்கள்தான் இந்தத் தொகுதி உறுப்பினர்கள். 2013இல் வெறும் 462 ஓட்டில் ஜெயித்து வந்தவர் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சரே ஆனார். காட்டுக்கு அதிபதி நம் ஆள். அவர் காலத்திலும் மலை மொட்டையாகிக்கொண்டுதான் இருந்தது. 2018இல் இன்னொரு ம.இ.கா.காரர் ஜெயித்ததைத் தேர்தல் நீதிமன்றமே ரத்து செய்தது, காரணம் ஓட்டுக்குப் பணம். 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் முதல் முறையாக ஓர் ஓராங் அஸ்லி நாடாளுமன்ற மக்களவைக்குப் போனார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, மலையின் சொந்தக்காரருக்கு ஒரு நாற்காலி.

ஏர்கோன் பையன் இரண்டாம் முறை வந்தால் அவனிடம் இதையும் கேளுங்கள்: கழற்றக் கூலி எவ்வளவு? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பது வருஷம் கொழுந்து வெட்டியவர் ஓய்வு பெற்றால், சுவரில் ஓட்டையை அடைத்துவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். எங்கே மாட்டுவது என்பது அவர் பாடு.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். வேட்பாளர் மலையேறி வருவார், கையில் அரிசி மூட்டை இருக்கும், காற்றாடி இருக்கும், காலம் மாறிவிட்டதால் ஏர்கோனே இருந்தாலும் இருக்கலாம். வாசலிலேயே நிறுத்தி, வீட்டுக் கிராண்டுப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.