வரப்பு மெக்கானிக்

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. சொந்தமாக டிராக்டர் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் சம்பா சேற்றுழவில் யார் வண்டி நின்றாலும், டிரைவர் இறங்குவதற்குள் வரப்பில் ஆஜராகிவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டுவார், மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பார், தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "நாசில் போச்சு மாப்ளே!"

சின்ன வியாதிகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. டேங்கில் புறப்படும் டீசல் டேப், ஃபீட் பம்பு, ஃபில்டர், எஃப்.ஐ. பம்பு எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் நாசிலுக்குப் போகிறது. கோளாறையும் அதே வழியில் தேடிப் போனால் காசு மிச்சம். இவர் கிளம்புவதே கடைசியிலிருந்துதான்.

"மாமா, டேங்கை ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று டிரைவர் பையன் இழுப்பான்.

"நேத்து சாயங்காலம்தானே அடிச்சே? டீசல் எங்க போயிரும்? நீ செல்ஃப் அடி."

அடிப்பான்.

"விடாம அடி!"

செல்ஃப் மோட்டார் முக்கும், முனகும், கடைசியில் 'டிக்' என்று சொல்லி ஓய்ந்துவிடும்.

"பாத்தியா, பேட்டரியும் போச்சு" என்று இரண்டாவது வியாதியையும் கண்டுபிடிப்பார்.

அடுத்து ஏர் எடுக்கும் படலம். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்தால் நுரை வரும். நுரை அடங்கி வெறும் டீசல் ஒழுகும்வரை அடித்து, அது ஒழுகும்போதே முடுக்கிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் 10ஆம் நம்பர் ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டால் இரண்டு சுற்றோடு நிறுத்த அவரால் முடியாது. ஸ்க்ரூ முழுக்கக் கழன்று சேற்றில் விழும். நாலு பேர் குனிந்து துழாவுவார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து நின்று, "இப்ப வர்ற ஸ்க்ரூவெல்லாம் கையில நிக்க மாட்டேங்குது" என்பார்.

ஸ்க்ரூ கிடைப்பதற்குள் பையன் சத்தமில்லாமல் டேங்க் மூடியைத் திறப்பான். 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். மூடியிலுள்ள காற்றுத் துளையைச் சேறு அடைத்திருக்கும். டீசல் இறங்க இறங்க மேலே காற்று வர வழியில்லாவிட்டால், டேங்க் நிறைய டீசல் இருந்தும் கீழே வராது. கருவேல முள்ளால் துளையைக் குத்தி, முறையாக ஏர் எடுத்து, பக்கத்து வயல் வண்டியின் பேட்டரியைக் கடன் வாங்கிப் போட்டால், 'டப டப' என்று புகை கக்கிக்கொண்டு எழும் டிராக்டர்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே! "ஓடும் மாப்ளே, இப்போதைக்கு ஓடும். நாசிலைப் பாத்துடு."

எந்த நாசிலும் என்றைக்காவது ஒருநாள் தேயத்தான் செய்யும். அன்றைக்கு "அப்பவே சொன்னேன்" என்று சொல்ல முதல் ஆளாக வந்து நிற்பார். அதுவரை அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. அடுத்த வயலிலும் ஒரு வண்டி நின்றிருக்கிறது.