ஜெர்மன்காரத் தம்பி

கப்பல் கட்டும் தளமும், 2013-இல் சரக்குக் கப்பல் வரத் தொடங்கிய துறைமுகமும், கடல்நீரை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிற ஆலையுமாகக் கடற்கரையை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் எங்கள் காட்டுப்பள்ளியில், ஊரே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பனிக்கு ஒடுங்கியிருக்கும் மார்கழி விடியற்காலையில், "என்ன வேர்வை!" என்று சட்டைப் பித்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஒருவர் எதிரே வருவாரானால், அவர் ஜெர்மன்காரத் தம்பிதான் என்று சத்தியம் செய்துவிடலாம். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும்கூட இந்தப் பிரகிருதி இப்போது அபூர்வமில்லை.

மேற்படிப்பு இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் அவர் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். சாப்பாட்டுச் செலவுக்காக ஒரு வருஷத்துப் பணத்தை (இன்றைக்குப் போகிறவருக்கு 11,904 யூரோ) முன்னதாகவே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும் என்று அவர் விளக்கியபோது, "கணக்கை முடக்கிட்டாங்களா? என்னடா தப்பு பண்ணினே?" என்று தாத்தா பதறியதை வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

அது முதல் தம்பிக்கு எல்லாம் மாதக் கணக்குத்தான். பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம்; வேலை கிடைத்து, அதற்கான அனுமதியாகிய நீல அட்டையும் கைக்கு வந்தால் நிரந்தர வாசத்துக்கு 27 மாதம்; ஜெர்மன் பாஷை சற்றுத் தாராளமாக நாக்கில் புரண்டால் அதுவே 21 மாதம். பெண் பார்க்கட்டுமா என்று கேட்ட தாயாரிடம் இந்த அட்டவணையை அவர் சாங்கோபாங்கமாக எடுத்துரைக்க, அந்த அம்மாள் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "உன்னைப் பெக்கவே எனக்குப் பத்து மாசந்தான்டா ஆச்சு" என்றாள்.

அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி பத்து நிமிஷம் தாமதித்தால் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் 2024-இல் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன என்பதை அவர் பிரஸ்தாபிப்பதில்லை; விருந்தாளியின் வாயைக் கிளறுவது நமக்கும் மரியாதையன்று. குடியுரிமைப் பேச்சை எடுத்தாலோ மௌனந்தான். பழைய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் ஜெர்மனி சட்டத்தைத் தளர்த்திவிட்டது. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்று நம் சர்க்கார் பிடிவாதமாக இருக்கிறது. உறையிட்ட தம்முடைய நீலப் பாஸ்போர்ட்டை அவர் ஒருமுறை தடவிக்கொள்வார், அவ்வளவுதான்.

சென்ற தை மாதம் மீஞ்சூரில் ஒரு கல்யாணம். பந்தி எழுந்ததும், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இலையோரங்களில் கிடந்த காலித் தண்ணீர்ப் பாட்டில்களையெல்லாம் நசுங்காமல் பொறுக்கி ஒரு கோணிப்பையில் நிரப்பிக்கொண்டிருந்தார் தம்பி. ஜெர்மனியில் காலிப் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் கைக்கு வரும். பத்து வருஷப் பழக்கம், கை தன்னையறியாமல் போய்விட்டது. பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி, "பாவம், வேலை போயிடுச்சா?" என்று என் காதைக் கடித்தாள்.

அதற்குள் சமையல்கட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்து, கோணியின் மறுமுனையைப் பற்றிக்கொண்டான்.

"அண்ணே, இந்த மண்டபத்துப் பாட்டில் எல்லாம் காயலாங்கடைக்கு நான்தாண்ணே போடறது. விடுங்கண்ணே!"

"கிலோவுக்கு எவ்வளவு தருவான்?" என்று ஜெர்மன்காரத் தம்பி சிரத்தையோடு விசாரித்தார்.